மறுத்தோர் எழுதிய மடல்கள்

கிராம ஊழியம் முடித்துத் திரும்பும் இறையியல் மாணவரிடம், "எத்தனை பேர் ஏற்றுக்கொண்டனர்?" என்று வினவுவது நம் வழக்கம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே வினவியிருக்கிறேன். மறுத்தோர் யாது கூறினர் என்று கேட்கத் தோன்றியதில்லை.

1706 இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு அதனைக் கேட்டார். 1712 முதல் 1714 வரை அவரும் உடனூழியர் கிரண்ட்லரும் தமிழ் இந்துக்களுக்கு வினாக்கள் எழுதி விடுத்து, வந்த மறுமொழிகளை ஜெர்மானிய மொழியிற் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினர். அவற்றுள் 99 மடல்கள் அங்கே அச்சேறின. கிறிஸ்து மார்க்கத்தை ஏன் ஏற்கவில்லை என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. விடைகள் இனியவையல்ல. கிறிஸ்தவர்களின் உணவையும் குடியையும் தூய்மைக் குறைவையும் கண்டித்தே எழுதினர். அவற்றையும் அவர்கள் மறைத்தாரிலர். அத்தேனே பட்டணத்தில் விசுவாசித்தவர்களோடு இகழ்ந்தவர்களையும் லூக்கா குறித்திருக்கிறார் அல்லவா (அப். 17:32-34)?

இதனால் சீகன்பால்கு நற்செய்தி கூறுவதைத் தளர்த்தவில்லை. 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்து நெறியைப்பற்றிய அவர்தம் தீர்ப்புகள் பலவிடத்துக் கடுமையானவை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் அந்நெறியை முதலில் தெளிய அறிய விரும்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து 1713 இல் அவர் எழுதிய நூல், 1867 இல் சென்னையிலேதான் அச்சு வடிவம் கண்டது.

இவ்வாண்டு மாணவரின் ஊழியக் குறிப்பேட்டில், மறுத்தோர் சொற்களுக்கும் நம் மறுமொழிக்கும் இடம் விடச் செய்தேன். "உங்கள் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் உண்டே, ஐயா?" என்று முதியவர் ஒருவர் வினவியதாக முதல் வாரமே ஒரு மாணவர் எழுதியிருந்தார். மறுமொழிக்கு விட்ட இடம் வெறுமையாயிருந்தது. அதனை நிரப்ப என்னாலும் இயலவில்லை.