"இந்தக் கோட் யாருடையது?"



இந்த வாரம் பாட்காஸ்ட்டில் ஸ்டார்ட்அப் ஆக்சிலரேட்டர்கள் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்ட ஒரு கதையை இங்கே எழுதுறேன். என் சொந்தக் கதை.

என் சித்தியின் மகன் என்னைவிட ஏழு வயது இளையவன். படிப்பு முடிந்த கையோடு ஒரு ஐடியாவோடு வந்தான். சின்னப் பலசரக்குக் கடைகளில் எந்தப் பொருள் எப்போ காலாவதியாகும் என்று முன்கூட்டியே சொல்லும் ஆப். "அண்ணா, முதல் வெர்ஷனை மட்டும் எழுதித் தாங்கோ. இப்ப காசு இல்லை, பிறகு கம்பனியில பங்கு தாறன்" என்றான்.

நான் ஐ.டி. கான்ட்ராக்டர். பகலில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு வேலை. இரவிலும் சனி, ஞாயிறிலும் தம்பிக்கு. ஆறு மாதம் இப்படிப் போனது. எத்தனை வீதம் பங்கு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொந்தத்துக்குள்ள என்ன பேப்பர்?

பிறகு அவனுக்கு வாட்டர்லூ பக்கம் ஒரு ஆக்சிலரேட்டரில் இடம் கிடைத்தது. முதல் வாரமே அங்கிருந்த வழிகாட்டி, தன் கம்பனியைக் கட்டி விற்ற ஒரு பெண், கேட்ட கேள்வி: "இந்தக் கோட் யாருடையது?"

"எங்களுடையது" என்றான் தம்பி. "எங்கள் என்றால் யார்? எங்கே எழுதியிருக்கு?"

அன்று இரவு எனக்கு போன் எடுத்தான்.

கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் இதில் தெளிவு. ஊழியர் ஒருவர் தன் வேலையின் பகுதியாக எழுதும் கோட், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குச் சொந்தம். கான்ட்ராக்டர் எழுதியது அப்படியில்லை. கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்கும்வரை அது எழுதியவருடையது. அதாவது, தம்பியின் கம்பனிக்கு இருந்த ஒரே சொத்து சட்டப்படி என்னிடம் இருந்தது. முதலீட்டாளர் பணம் போட முன் பேப்பர்களைத் தோண்டும்போது இது வெளியே வந்திருந்தால், டீல் அங்கேயே நின்றிருக்கும்.

ஆக்சிலரேட்டர் என்றால் இலவச மேசை, வேகமான வைஃபை, கடைசி நாளில் மேடையேறி ஒரு பிட்ச் என்றுதான் நானும் நினைச்சிருந்தேன். உண்மையான வேலை வேறு. பிழை இன்னும் மலிவாக இருக்கும்போதே அதைக் கண்டுபிடிப்பது.

எல்லா ஆக்சிலரேட்டரும் ஒரே மாதிரி இல்லை. 2005இல் தொடங்கிய வை காம்பினேட்டரை எல்லாருக்கும் தெரியும். அவர்களின் வழக்கமான டீல் 5 லட்சம் டொலர். அதில் 1,25,000 டொலருக்கு கம்பனியில் 7% எடுப்பார்கள். மீதி, பின்னால் வரும் முதலீட்டுச் சுற்றின் நிபந்தனைகளில் பங்காக மாறும்.

ஒரு பகுதிக்காக நடக்கும் ஆக்சிலரேட்டரின் கணக்கு வேறு. கம்பனிகள் இங்கேயே வளர வேண்டும், வேலையும் இங்கேயே இருக்க வேண்டும். வாட்டர்லூவுக்கு இது நல்லாவே தெரியும். 1984இல் அங்கே தொடங்கிய பிளாக்பெரி, 2013 செப்டம்பரில் 4,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஒரே கம்பனியை நம்பிய ஊராக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கம்யூனிடெக் 1997இலேயே வந்துவிட்டது. ஆக்சிலரேட்டர் சென்டர் 2006இல் வந்தது. பல்கலைக்கழகத்தின் வெலோசிட்டி 2008இல் ஒரு மாணவர் விடுதியில் தொடங்கியது. இன்னொரு விசயம்: வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிப்பு பொதுவாகக் கண்டுபிடித்தவருக்கே சொந்தம். "இது யாருடையது?" என்ற கேள்விக்கு அந்தப் பல்கலைக்கழகம் எப்பவோ பதில் எழுதி வைத்துவிட்டது. நாங்கள்தான் எழுதவில்லை.

ரொறொன்ரோவில் 2012இல் தொடங்கிய கிரியேட்டிவ் டிஸ்ட்ரக்ஷன் லாப் கட்டணமும் வாங்காது, பங்கும் எடுக்காது. சுமார் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கம்பனிக்கும் மூன்று இலக்குகள் குறிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் தன் நேரத்தைக் கொடுக்க ஒரு வழிகாட்டியாவது முன்வராவிட்டால் கம்பனி வெளியே. கடுமைதான். ஆனால் எதை இப்போ செய்யக்கூடாது என்று தெரிந்துவிடும்.

தம்பிக்கும் அப்படித்தான் நடந்தது. புது வசதி ஒன்றும் சேர்க்காதே, முதலில் இருபது கடைக்காரரோடு கதை என்றார்கள். ஸ்காபரோவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினான். காலாவதித் தேதியை யார் கையால் பதிவது என்பதுதான் கடைக்காரரின் உண்மையான பிரச்சினை என்று அப்போதுதான் விளங்கியது. நான் எழுதிய கோட்டில் பாதி குப்பைக்குப் போனது.

"ஷ்ரெட்" என்று எல்லாரும் சொல்லும் வரிச்சலுகை பற்றியும் அங்கேதான் கேள்விப்பட்டான். கனேடியர் கையிலுள்ள சிறிய தனியார் கம்பனிகளுக்கு, தகுதியான ஆராய்ச்சிச் செலவில் 35% வரை மத்திய அரசிடமிருந்து பணமாகத் திரும்பி வரலாம். சாதாரண ஆப் வேலை செல்லாது. தீர்வு முன்கூட்டியே தெரியாத தொழில்நுட்பச் சிக்கலாக இருக்க வேண்டும். எதை முயன்றோம், எத்தனை மணி நேரம் என்று அன்றன்றே குறித்திருக்கவும் வேண்டும். எங்களிடம் ஒரு குறிப்பும் இல்லை.

திரும்பக் கோட் விசயத்துக்கு வாறேன். ஒளிக்காமல் சொன்னால், அந்த போன் வந்த இரவு எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் இவனிடம் ஒன்றுமே இல்லை, எவ்வளவு கேட்கலாம்? நான் ஒரு வீதம் கேட்டேன், அவன் அதில் பாதி சொன்னான். இரண்டு கிழமை கதைக்கவில்லை. சித்தி அம்மாவுக்கு போன் எடுத்து, "அண்ணன் தம்பிக்குள்ள கையெழுத்தோ?" என்று அழுதிருக்கிறா.

அந்த வழிகாட்டிதான் வழி சொன்னார். செய்த வேலைக்கு ஒரு கணக்கு, இனிச் செய்யப்போகும் வேலைக்கு இன்னொரு கணக்கு. செய்ததற்கு ஒரு சின்னப் பங்கு உடனே. மீதி நாலு வருசத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். முதல் வருசத்துக்குள் விலகினால் அந்த மீதியில் ஒன்றும் இல்லை. கோட் முழுக்கக் கம்பனிக்கு. ஒரு வக்கீல் எழுதித் தந்தார், இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

கம்பனி பெரிதாகுமா என்று தெரியாது. ஆக்சிலரேட்டர் அதற்கு உத்தரவாதம் தராது. சில கடைகள் மாதா மாதம் காசு கட்டுகின்றன, அவ்வளவுதான்.

உங்களில் யாராவது விண்ணப்பிக்கப் போறீங்கள் என்றால் மூன்றைக் கேளுங்கோ. எவ்வளவு பங்கு எடுக்கிறீர்கள்? வழிகாட்டிகள் தாங்களே கம்பனி நடத்தியவர்களா? முன்பு வந்து மூடிப்போன கம்பனிகளோடு கதைக்கலாமா? மூன்றாவதுக்கு வரும் பதில்தான் முக்கியம்.

விண்ணப்பிக்காவிட்டாலும், மச்சானுக்காக இரவிரவாகக் கோட் எழுதிக்கொண்டிருந்தால், இந்தக் கிழமையே இருந்து கதையுங்கோ. கதைச்சதை எழுதி வையுங்கோ.

போன ஞாயிறு சித்தி வீட்டில் சாப்பாடு. பேப்பர் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. எழுதியாச்சு, இனிக் கதைக்க என்ன இருக்கு?

அடுத்த வாரம் சந்திப்போம்.