பழம்பெட்டியும் பாசமும்

நத்தார்ப் பண்டிகை நெருங்கிவிட்டால் நானாட்டான் பகுதியிலுள்ள இல்லங்களில் வெள்ளையடிப்பும் துப்புரவும் தொடங்கிவிடும். அடுக்களையைக் கழுவுவது அரைநாள் வேலை. முற்றத்தைத் திருத்துவது ஒருநாள் வேலை. ஆனால், அலுமாரிக்கு மேலே இருக்கும் பழைய தகரப் பெட்டியை இறக்கிவிட்டாலோ, அன்றைய பொழுது முழுவதும் அதனோடு போய்விடும். வேண்டாதவற்றை எறிவதற்கென்றே திறந்த பெட்டியை, மாலையில் ஒன்றையும் எறியாமலே மூடி, இருந்த இடத்திலேயே ஏற்றிவைக்கின்றோம். இந்த அனுபவம் இல்லாத குடும்பம் உண்டோ?

அப்படி அதில் என்னதான் இருக்கின்றது? முதல் நன்மை வாங்கிய நாளில் ஏந்திய மெழுகுதிரியின் கட்டைத் துண்டு, இரண்டு மணி குறைந்த செபமாலை, பழைய கூப்பன் புத்தகம், ஓடாத கைக்கடிகாரம், கூறைச் சேலையின் சரிகைக் கரை, இன்னாரென்று தெரியாதவர்களின் புகைப்படங்கள். சந்தையில் எவரும் விலை கேளாத பொருள்கள் இவை. ஆயினும், கையில் எடுத்தவுடன் ஒரு முகம் நினைவுக்கு வருகின்றது. எடுத்த கை தாழ்ந்துவிடுகின்றது.

இவ்வூர் இல்லம் ஒன்றிலே அண்மையில் நிகழ்ந்ததைச் சொல்வோம். புதிதாக வந்த மருமகள் பெட்டியைத் துடைக்கும்போது துருவேறிய திறப்பு ஒன்று அகப்பட்டது. “மாமி, இது எந்தப் பூட்டின் திறப்பு?” என்று கேட்டாள். “பூட்டும் இல்லை, கதவும் இல்லை, பிள்ளை. 1990-இல் நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு அது. வீட்டின் அத்திவாரமும் இப்போது இல்லை” என்றார் மாமியார். மருமகள் மறுமொழி சொல்லவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துருவைத் துடைத்து, துணியிலே சுற்றி, மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

எங்கும் உள்ள இந்தப் பாசம் நமது மாவட்டத்தில் ஒருபடி கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே ‘எதை வைப்பது, எதை விடுவது’ என்ற கேள்வி ஆறுதலாக அமர்ந்து கேட்கப்பட்டதன்று. பலமுறை ஓட்டத்திலே கேட்கப்பட்டது. 1670-இல் ஒல்லாந்தரின் கொடுமைக்கு அஞ்சி மாந்தையை விட்டுக் காட்டுக்குள் புகுந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள், மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்து சென்று மடுவில் வைத்தன என்பது வழிவழி வந்த வரலாறு. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே திருச்சொரூபம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டிலேயே திரும்பி வந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் மக்கள், கையில் ஏந்தக்கூடிய சிலவற்றோடு புத்தளம் முதலிய இடங்களுக்குச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற நினைவுப் பொருள்களுக்குக் கணக்கில்லை. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர், எஞ்சிய ஒன்றை இலேசில் எறிவாரா?

எறிவதற்கு அஞ்சுவது சில வேளைகளில் நன்மையும் ஆகின்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். கேட்டு அவர் நெஞ்சம் துடித்தார். பயனற்ற குப்பையென்று எண்ணியதே அழிவுக்குக் காரணமாயிற்று. நமது மாவட்டத்தின் நாட்டுக்கூத்து ஏடுகளும் கொப்பிகளும் அண்ணாவிமார் வீட்டுப் பெட்டிகளிலேதான் பேணப்பட்டு வந்தன. அத்தகைய கொப்பி ஒன்று கையில் அகப்பட்டால், அது குடும்பத்தின் சொத்து மட்டுமன்று, ஊரின் சொத்துமாகும். 2005-இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பேணி வருகின்றது. அங்கே ஒரு படியைச் சேர்ப்பித்துவிட்டால், கறையானால் அந்தக் கொப்பிக்கு நேரக்கூடிய முழு அழிவு தவிர்க்கப்படும்.

அதற்காக, எல்லாவற்றையும் சேர்த்துவைத்து வீட்டைப் பண்டசாலையாக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் படுக்கவும் படிக்கவும் இடம் வேண்டும். வீடு ஒழுங்கு செய்யும் கலையில் உலகப் புகழ் பெற்ற ஜப்பானிய மாது மரி கோண்டோ, உடை, நூல், கடதாசி முதலியவற்றை முதலில் பிரித்து, நினைவுப் பொருள்களை இறுதியிலேயே தொட வேண்டும் என்கிறார். பிரித்துப் பிரித்துப் பழகிய கைக்கே அந்த வேலை இயலும் என்பது அவர் கருத்து.

அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஆய்வொன்றும் நமக்கு உதவும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகள் சிலவற்றில், பொருள்களைத் தானம் செய்யுமாறு மட்டும் மாணவரிடம் கேட்டனர். 533 பொருள்கள் சேர்ந்தன. வேறு சில விடுதிகளில், கொடுக்குமுன் அப்பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் கூறினர், 613 சேர்ந்தன. நாம் விட அஞ்சுவது பொருளையன்று, அதனோடு ஒட்டிய நினைவையே என்பது இதனால் விளங்குகின்றது.

ஆகவே, இந்தப் பண்டிகைக்குப் பெட்டியைத் திறக்கும்போது, வீட்டிலுள்ள முதியவரை அருகில் அமர்த்திக்கொள்வோம். படத்தில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைப்போம். இன்று கேளாவிட்டால் நாளை சொல்வார் இல்லாது போகலாம். பத்துச் சேலை இருந்தால் ஒன்றை வைத்து, ஏனையவற்றை உடுப்பவருக்குக் கொடுப்போம். அரித்துப்போனதைப் படமெடுத்துக்கொண்டு விடைகொடுப்போம். முதியவர் ஒருவர் “வேண்டாம், வை” என்று சொன்னதை மட்டும், அவர் உள்ளவரை, நாமாக எறியாதிருப்போம்.

அந்த மருமகளும் அவ்வாறே செய்தாள். திறப்பு பெட்டிக்குள் போனது. ஆனால், அன்று மாலை அந்த வீட்டுக்கு எத்தனை அறைகள், கிணறு எந்தப் பக்கம், முற்றத்தில் நின்றது என்ன மரம் என்பதெல்லாம் மாமியார் சொல்ல, பேரப்பிள்ளை ஒரு கொப்பியில் வரைந்து முடித்தான். கதவில்லாத திறப்புக்கு, அன்று ஒரு வீடு கிடைத்தது.