ஏறிய மறு ஆண்டே இறக்கம்: ஐ-லீக் கால்பந்தில் பெங்களூரு அணிக்கு நேர்ந்தது என்ன?

லிங்கராஜபுரம் (பெங்களூரு): இந்தியக் கால்பந்தின் இரண்டாம் நிலைப் போட்டியான ஐ-லீக்கின் 2024-25 பருவம் பெங்களூருக்கு ஏமாற்றத்தில் முடிந்தது. முந்தைய ஆண்டில் மூன்றாம் நிலையில் சாம்பியன் பட்டம் வென்று முதன்முறையாக இத்தொடருக்கு உயர்ந்த ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு (எஸ்.சி. பெங்களூரு) அணி, ஒரே பருவத்தில் மீண்டும் கீழ்நிலைக்கு இறக்கப்பட்டது. அதே தொடரின் சாம்பியன் யார் என்பது ஆட்டக்களத்தில் முடிவாகாமல், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று மாதங்களுக்கு மேலான நிலையில் சர்வதேச நடுவர் மன்றத்தில்தான் முடிவானது.

லிங்கராஜபுரம், அல்சூர், ஆஸ்டின் டவுன் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பெங்களூருப் பகுதிகளில் கால்பந்துக்குத் தனி இடம் உண்டு. அல்சூரை அடுத்த கௌதமபுராவில் பிரேசில் வீரர் பெலேவுக்குச் சிலையே வைக்கப்பட்டுள்ளது. இங்கு தெருமுனை மைதானத்தில் ஆடத் தொடங்கும் சிறுவன் தொழில்முறை வீரனாக உயர, நடுவில் உள்ள படிக்கட்டுதான் இந்த இரண்டாம், மூன்றாம் நிலைப் போட்டிகள்.

நான்கு அடுக்குகள்

2024-25 பருவத்தில் தேசிய அளவில் இந்திய ஆடவர் கால்பந்து நான்கு அடுக்குகளைக் கொண்டிருந்தது. உச்சியில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.), அதன் கீழ் ஐ-லீக், அதற்குக் கீழ் ஐ-லீக் 2, கடைசியாக ஐ-லீக் 3. இவற்றுக்கு அடியில் மாநில லீக் போட்டிகள் உள்ளன. கர்நாடகத்தில் பெங்களூரு சூப்பர் டிவிஷன் அந்த இடத்தை வகிக்கிறது.

ஐ-லீக் எப்போதும் இரண்டாம் நிலையில் இருந்ததில்லை. தேசிய கால்பந்து லீக்கிற்கு மாற்றாக 2007-08 பருவத்தில் தொடங்கியபோது அதுவே நாட்டின் முதன்மைத் தொடர். 2013-ல் உருவான பெங்களூரு எப்.சி., தனது முதல் பருவத்திலேயே (2013-14) ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2015-16-ல் மீண்டும் வென்றது. கோவையைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எப்.சி. 2018-19 பருவத்தின் சாம்பியன். 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். படிப்படியாக முதலிடத்தைப் பிடித்தது. பெங்களூரு எப்.சி. 2017-ல் அத்தொடருக்கு மாறியது. சென்னை சிட்டி 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக்கில் இடம்பெறவில்லை.

2022-23 முதல் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். தொடரில் இடம் வழங்கப்படுகிறது. முதல் ஆண்டில் பஞ்சாப் அணியும், 2023-24-ல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியும் இவ்வாறு உயர்ந்தன.

எஸ்.சி. பெங்களூருவின் பயணம்

2022-ல் உருவான எஸ்.சி. பெங்களூரு, 2023-24 ஐ-லீக் 2 தொடரில் முதலிடம் பெற்றது. இரண்டாமிடம் பிடித்த கோவாவின் டெம்போ அணியும் உடன் உயர்ந்தது. டெம்போ, தேசிய லீக் பட்டத்தை ஐந்து முறை வென்ற பழம்பெரும் அணி.

2024 நவம்பர் 22 அன்று தொடங்கிய ஐ-லீக்கில் 12 அணிகள் பங்கேற்றன. ஒவ்வோர் அணியும் மற்ற 11 அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் எதிரணியின் மைதானத்தில் ஒருமுறையும் மோத வேண்டும். அதாவது 22 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. கடைசி இரு இடங்களைப் பெறும் அணிகள் ஐ-லீக் 2-க்கு இறக்கப்படும். அந்த இரு இடங்களும் எஸ்.சி. பெங்களூரு, டெல்லி எப்.சி. ஆகிய அணிகளுக்குப் போயின. உடன் உயர்ந்த டெம்போ தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

ஒரு புள்ளி வித்தியாசம்

பட்டத்துக்கான போட்டி கடைசி நாளான 2025 ஏப்ரல் 6 வரை நீடித்தது. ரியல் காஷ்மீர் அணியுடன் 1-1 என சமநிலை கண்ட சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகளுடன் முதலிடத்தில் நின்றது. ராஜஸ்தான் யுனைடெட்டை 3-1 என வீழ்த்திய இன்டர் காசி 39 புள்ளிகள் பெற்றது. வாய்ப்பு மீதமிருந்த கோகுலம் கேரளா, டெம்போவிடம் 3-4 எனத் தோற்று வெளியேறியது.

ஆனால் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. ஜனவரியில் நாம்தாரி அணியிடம் 0-2 எனத் தோற்ற இன்டர் காசி, மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கையால் அந்த ஆட்டத்தில் ஆடத் தகுதியற்ற ஒரு வீரரை எதிரணி களமிறக்கியதாக முறையிட்டிருந்தது. முறையீடு ஏற்கப்பட்டால் 3 புள்ளிகள் கூடும், பட்டமும் கைமாறும். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு இன்டர் காசிக்குச் சாதகமாகவும், மேல்முறையீட்டுக் குழு எதிராகவும் முடிவெடுத்தன. சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என அறிவிக்கப்பட்டது.

சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்தை இன்டர் காசி நாடியது. இந்தப் புள்ளிகள் தொடர்பாகவும், அந்த அணியின் ஸ்பெயின் வீரர் மரியோ பார்கோவின் மறுபதிவு தொடர்பாகவும் தீர்ப்புகள் அதற்குச் சாதகமாக அமைந்தன. 42 புள்ளிகளுடன் இன்டர் காசியே சாம்பியன் என 2025 ஜூலையில் முடிவானது.

அயர்லாந்திலும் இதே கதை

உயர்ந்த மறு ஆண்டே இறங்குவது பெங்களூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. மட்டையும் சிறு பந்தும் கொண்டு அணிக்கு 15 பேர் ஆடும் அயர்லாந்தின் ஹர்லிங் விளையாட்டில், இரண்டாம் நிலைத் தொடராக 2018-ல் ஜோ மெக்டொனாக் கோப்பை தொடங்கப்பட்டது. முதல் கோப்பையை வென்று உயர்ந்த கார்லோ மாவட்ட அணி, 2019-ல் மீண்டும் கீழே இறங்கியது. 2023-ல் அக்கோப்பையை மறுபடி வென்ற அதே அணி, 2024-ல் வலிமைமிக்க கில்கெனியுடன் சமநிலை கண்டும் தன் இடத்தைக் காக்க இயலவில்லை.

இரு நாடுகளிலும் காரணம் ஏறத்தாழ ஒன்றே. உயர்ந்து வரும் அணிக்கு வலுவான எதிரணிகளைச் சந்திக்கப் போதிய ஆட்டக்காரர் பலத்தைத் திரட்ட ஓராண்டு போதுவதில்லை. இந்தியாவில் நீண்ட தூரப் பயணச் செலவும் சேர்ந்துகொள்கிறது. ஸ்ரீநகர், ஐஸ்வால், ஷில்லாங், கோழிக்கோடு என ஐ-லீக் அணிகள் நாட்டின் நான்கு திசைகளிலும் பரவிக் கிடக்கின்றன.

உள்ளூர் வீரர்களுக்கு இதன் பொருள் நேரடியானது. பெங்களூரு எப்.சி. முதல் நிலையில் நீடித்தாலும், அங்கு இடம் கிடைக்காத இளைஞர்களுக்குச் சொந்த நகரிலேயே இருந்த இரண்டாம் நிலை வாய்ப்பு இந்த இறக்கத்தால் பறிபோனது. அதை மீட்க எஸ்.சி. பெங்களூரு, 2023-24-ல் ஏறிய அதே ஐ-லீக் 2 படியை மீண்டும் ஏறியாக வேண்டிய நிலை ஏற்பட்டது.