பிளாஸ்டிசால் (தூண்டில் இரை)

பிளாஸ்டிசால் என்பது, பாலிவினைல் குளோரைடு துகள்கள் நெகிழியாக்கி எனப்படும் எண்ணெய் போன்ற நீர்மத்தில் கரையாமல் பரவியிருக்கும் கலவை ஆகும். மென்மையான செயற்கைத் தூண்டில் இரைகளை வீட்டில் வார்க்க இது பயன்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் 1949 இல் இத்தகைய புழு வடிவ இரைகளை உருவாக்கினார்.

செயற்படும் விதம்

பால் போன்ற இக்கலவையை ஏறத்தாழ 175 °செ வரை சூடாக்கும்போது துகள்கள் நெகிழியாக்கியை உறிஞ்சி ஒன்றிணைகின்றன. ஆறியபின் இது ரப்பர் போன்ற திண்மமாகிறது.

குளிரின் விளைவுகள்

வெப்பநிலை குறையும்போது நெகிழியாக்கியின் பாகுநிலை கூடுவதால் கலவை தடிக்கிறது. அடியில் படிந்த துகள்களைக் கலப்பதும் கடினமாகிறது. சரியாகக் கலக்காமல் மேற்பகுதியை மட்டும் எடுத்து வார்த்தால் இரை மிகவும் மென்மையாகிவிடும். அடியில் எஞ்சியதில் வார்த்த இரை விறைப்பாக இருக்கும்.

குளிரால் ஏற்படும் தடிப்பு தற்காலிகமானது. கலனை அறை வெப்பநிலையில் வைத்து, பின்னர் நன்கு குலுக்கினால் கலவை பழைய நிலையை அடையும். மாறாக, வெப்பமான இடத்தில் சேமித்தால் துகள்கள் நெகிழியாக்கியை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், அத்தடிப்பு மீளாது.

குளிர்ந்த அச்சில் ஊற்றப்படும் சூடான கலவை, வால் போன்ற மெல்லிய பகுதிகளை நிரப்பும் முன்பே இறுகிவிடக்கூடும். எனவே அச்சை முன்னதாக மிதமாகச் சூடாக்குவர்.

பாதுகாப்பு

குளிர்ந்த அச்சை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தால் அதன்மீது ஈரம் படியும். சூடான கலவை பட்டதும் அவ்வீரம் நொடியில் ஆவியாகிக் கலவையைத் தெறிக்கச் செய்து கடும் தீக்காயம் உண்டாக்கும். குளிருக்காகச் சன்னல்களை மூடிவிட்டு வேலை செய்வதும் தீங்கானது. அளவுக்கு மீறிச் சூடாகும் கலவை மஞ்சளாகிப் பழுப்பு நிறமடையும். அப்போது நுரையீரலை உறுத்தும் ஐதரசன் குளோரைடு வளிமம் வெளியேறும்.