கடல் மயக்கம் – வந்தால் வெட்கம் வேண்டாம், வராமல் தடுக்க வழி உண்டு!



போன வருஷம் பள்ளிச் சுற்றுலாவில் படகு சவாரி போனோமே, ஞாபகம் இருக்கா? படகு கிளம்பின பத்தாவது நிமிஷம் நம்ம வகுப்பு மாணவி ஒருத்தி வாந்தி எடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன். இந்த வருஷம் கன்னியாகுமரி சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது அவள் கொடுக்கவில்லை. "வீட்ல விடமாட்டாங்க" என்று சொன்னாள். காரணம் அது இல்லை என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குப்பத்தில் இருக்கும் என் நண்பனின் அப்பாவோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போனேன். கரை சின்னதாகும் வரை ஜாலியாக இருந்தது. வலையை எடுக்க எஞ்சினை நிறுத்தினார்கள். படகு மெதுவாக ஏறி இறங்கியது. எனக்கு முதலில் கொட்டாவி வந்தது, பிறகு வியர்த்தது, வாயெல்லாம் எச்சில் ஊறியது. அப்புறம் என்ன, காலையில் சாப்பிட்ட பூரி முழுக்க வெளியே வந்துவிட்டது!

"தம்பி, வலையைக் குனிஞ்சு பாக்காதே. தூரத்துல கரையைப் பாரு, பனைமரம் தெரியுது பாரு" என்றார் அவர். "சிரிக்க மாட்டீங்களா மாமா?" என்று கேட்டேன். "எதுக்குச் சிரிக்கணும்? நானும் சின்ன வயசுல எடுத்தவன்தான். ரொம்ப நாள் கடலுக்குப் போகாம இருந்துட்டுப் போனா இப்பவும் தலை சுத்தும்" என்றார்.

பெருமுக்கல் மலையை மூச்சு வாங்காமல் ஏறி இறங்குகிற நாம், ஒரு சின்னப் படகில் ஏன் இப்படி ஆகிறோம்? அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கோளாறு வயிற்றில் இல்லை, காதில்!

வாந்தி வயிற்றிலிருந்து வந்தாலும் இது வயிற்று நோய் அல்ல. நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. தலை திரும்பினால் அந்தத் திரவம் சற்றுப் பின்தங்கி நகரும். அதை வைத்துத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளை தெரிந்துகொள்ளும். மேலே போகிறோமா, கீழே இறங்குகிறோமா, சாய்கிறோமா என்று சொல்வதற்கு அதன் பக்கத்திலேயே மிகச் சிறிய சுண்ணாம்புத் துகள்கள் உள்ள பகுதியும் இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை மிதக்க விடுங்கள். டம்ளரை மட்டும் சட்டென்று திருப்புங்கள். டம்ளர் திரும்பும், காகிதம் இருந்த இடத்திலேயே நிற்கும். காதுக்குள்ளும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது.

இப்போது படகுக்கு வருவோம். நீங்கள் படகின் உள்பக்கத்தையோ கையிலிருக்கும் செல்போனையோ பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். கண் "எல்லாம் அசையாமல்தான் இருக்கு" என்கிறது. காது "இல்லை, மேலும் கீழும் ஆடுது" என்கிறது. இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சாட்சி சொன்னால் மூளை யாரை நம்பும்? அந்தக் குழப்பம்தான் தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி. விஷம் சாப்பிட்டாலும் இப்படித் தலை சுற்றும் என்பதால், உடம்புக்குள் விஷம் போய்விட்டது என்று நினைத்து மூளை அதை வெளியே தள்ளப் பார்க்கிறது என்று சில விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

பஸ்ஸில் வாந்தி வருவதற்கும் இதே காரணம்தான். ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் சைக்கிளில் போனால் வாந்தி வருவதில்லையே, ஏன்? அது வேகமான குலுக்கல். மெதுவான ஆட்டம்தான் மோசம். ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் அலைதான் ஆளைக் கவிழ்த்துவிடும்.

காதுதான் காரணம் என்பதற்கு ஒரு சாட்சி

அமெரிக்காவில் 1950களின் கடைசியிலும் 1960களிலும் விண்வெளிப் பயணத்துக்காக ஓர் ஆராய்ச்சி நடந்தது. காலடெட் கல்லூரியைச் சேர்ந்த, காது கேளாத 11 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் 10 பேருக்குச் சிறு வயதில் வந்த மூளைக் காய்ச்சலால் உள்காது கெட்டுப்போயிருந்தது. கொந்தளிக்கும் கடலில் ஒரு படகில் அவர்களை ஏற்றிச் சோதித்தார்கள். அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டு ஜாலியாக இருந்தார்கள். சோதிக்க வந்த ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் மயக்கம் வந்து சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று!

ஆக, கடல் மயக்கம் வருகிறது என்றால் உங்கள் உள்காது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது?

உங்களுக்குத் தெரியுமா?

★ இங்கிலாந்தின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடல் மயக்கம் உண்டு.

★ பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றினார். பயணம் முழுக்கக் கடல் மயக்கத்தால் அவதிப்பட்டார். ஆனால் பயணத்தை விடவில்லை.

★ விண்வெளி வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் சில நாட்கள் இதே போன்ற குமட்டல் வருகிறது.

★ இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு இது வருவது அபூர்வம். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வரும்.

நமக்கு இது எதற்கு?

"நாம என்ன கப்பல்லயா போகப் போறோம்?" என்று கேட்காதீர்கள். ஒரு காலத்தில் நம்ம திண்டிவனம் வழியாகத்தான் 'போட் மெயில்' ரயில் போனது. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1914இல் தொடங்கிய அந்தப் பயணம் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு முடிந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் 110 கி.மீ. தூரம், ஏறக்குறைய நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போனால் இரண்டரை, மூன்று நாள் ஆகும்.

இவற்றோடு பார்த்தால் நம்ம கன்னியாகுமரி படகு ஒன்றுமே இல்லை. விவேகானந்தர் பாறை கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர்தான். சில நிமிஷத்தில் போய்விடலாம். அங்கிருந்து திருவள்ளுவர் சிலைக்குப் போகப் படகுகூட வேண்டாம். 2024 டிசம்பர் கடைசியில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள். உண்மையில் நாம் பயப்பட வேண்டியது ராத்திரி முழுக்கப் போகும் பஸ்ஸுக்குத்தான்!

கிளம்பும் முன்

1. முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் மயக்கம் சீக்கிரம் வரும்.

2. வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது. இரண்டு மூன்று இட்லி போதும். பூரி, வடை, பரோட்டா வேண்டாம். (அனுபவசாலி சொல்கிறேன்!)

3. மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். சின்னாரிசின், புரோமெத்தசின் போன்ற மருந்துகள் இதற்குக் கொடுக்கப்படுகின்றன. வயதைப் பொறுத்து அளவு மாறும், தூக்கமும் வரும். எனவே டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். பக்கத்து சீட்டுக்காரனின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

4. இஞ்சி சிலருக்குப் பலன் தருகிறது. எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பது மனசுக்கு ஆறுதல், கெடுதல் ஒன்றும் இல்லை. பேப்பரை மடித்து வயிற்றில் வைத்துக்கொள்வது, தொப்புளில் பிளாஸ்திரி ஒட்டுவது ஆகியவற்றுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

படகில் ஏறிய பிறகு

5. நடுவில் உட்காருங்கள். ஏற்றப் பலகையில் (சீசா) ஓரத்தில் இருப்பவன்தான் மேலும் கீழும் போவான், நடுவில் இருப்பவன் அவ்வளவாக அசைய மாட்டான். படகும் அப்படித்தான். பெரிய கப்பல் என்றால் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி நல்லது. பஸ்ஸில் முன்பக்க ஜன்னலோரம்.

6. வானமும் கடலும் சேருகிற கோட்டையோ தூரத்துக் கரையையோ பாருங்கள். அப்போது கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும். அது முடியாவிட்டால் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். செல்போன், புத்தகம் கூடவே கூடாது.

7. எஞ்சின் புகை வராத, காற்று படுகிற இடமாகப் பாருங்கள். டீசல் நாற்றம் குமட்டலை அதிகமாக்கும்.

8. கொட்டாவி, வியர்வை, எச்சில் ஊறுவது இவைதான் முதல் எச்சரிக்கை. உடனே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு அடக்கி வைக்காதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை!

கடல் மயக்கத்தால் உயிர் போவது அபூர்வம். ஆனால் வாந்தி எடுக்கப் படகு விளிம்பில் எட்டிக் குனிந்து கடலில் விழுந்தால் உயிர் போகும். ஆளுக்கொரு கவர் கையில் இருக்கட்டும், உட்கார்ந்த இடத்திலேயே எடுங்கள். கவரைக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். ஒருவன் வாந்தி எடுக்கிறான் என்று வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் படகே கவிழலாம்.

பிற்காலத்தில் அந்தமான், லட்சத்தீவு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் வைத்துக்கொண்டு மிதந்தபடியே பவளப்பாறையைப் பார்ப்பார்கள். அதற்கு ஸ்நார்க்கலிங் என்று பெயர். நங்கூரம் போட்டு நிற்கும் படகு, ஓடும் படகைவிட அதிகமாகத் தாலாட்டும். அப்போதுதான் பலருக்கு மயக்கம் வரும். தண்ணீருக்குள் இருக்கும்போது குமட்டினால் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கி, படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு கூட வந்தவருக்குச் சைகை காட்ட வேண்டும். வாந்தி எடுத்துக் களைத்தவரும், தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டவரும் டாக்டரின் யோசனை இல்லாமல் தண்ணீரில் இறங்கக்கூடாது.

வாந்தி எடுத்த பிறகு

வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரேயடியாகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். நிறைய வாந்தி போயிருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. (உப்பு மரக்காணத்து உப்பாகவே இருக்கட்டும், ஆனால் தலை தட்டி அளந்து போடுங்கள், கூடினால் கெடுதல்.) கரைக்கு வந்தும் வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் போகவில்லை, காய்ச்சல் அடிக்கிறது என்றால் அது வெறும் கடல் மயக்கம் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கரையில் இறங்கிய பிறகும் தரை ஆடுகிற மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். காது இன்னும் கடலிலேயே இருக்கிறது, சற்று நேரத்தில் அதுவும் கரையேறிவிடும். நாள்கணக்கில் கடலில் இருந்தால் இரண்டு மூன்று நாளில் மூளை பழகிவிடும். அதனால்தான் மீனவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நெடுநாள் போகாமல் இருந்தால் அந்தப் பழக்கமும் விட்டுப்போகும். மாமா சொன்னது சரிதான்.

கடைசியாக, அந்தத் தோழிக்கு:

நாங்கள் வைத்த பட்டப்பெயரை இன்றோடு விட்டுவிட்டோம். அதை வைத்தவனே படகில் பூரியைப் பறிகொடுத்தவன்தான். மன்னித்துக்கொள். பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. பஸ்ஸில் முன்பக்க ஜன்னல் சீட்டை உனக்கே கொடுக்கும்படி சார்கிட்ட நாங்களே கேட்கிறோம். அதற்கு அடுத்த சீட் எனக்கு வேண்டும், கவர் இரண்டு பேருக்கும் நான் கொண்டு வருகிறேன்!

– 11ஆம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவன்