சர்வரில் களையெடுப்பு

லினக்ஸ் சர்வர் பூட் ஆகும்போது கெர்னல் முதலில் எழுப்பும் புரோகிராமின் எண் 1. இன்று பெரும்பாலான சர்வர்களில் அந்த இடத்தில் இருப்பது சிஸ்டம்டி. 2010-ல் அறிமுகமான இது, 2015-ல் டெபியன் 8-இல் இயல்பான ஏற்பாடானது. சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸ் டெபியன் வழிவந்தது. அதிலும் சிஸ்டம்டிதான்.

பூட்டின்போது சிஸ்டம்டி தானாக எழுப்பும் சர்வீஸ்களில் சில மேசைக் கணினிக்கு உரியவை: அச்சுக்கான கப்ஸ், புளூடூத், பக்கத்துச் சாதனங்களைத் தேடும் அவாஹி, மோடம் மேனேஜர். இவை தின்னும் மெமரி கொஞ்சம்தான். ஆபத்து, திறந்து கிடக்கும் போர்ட்டில் இருக்கிறது. கப்ஸின் துணையான கப்ஸ்-பிரவுஸ்டு, 631-ஆம் யுடிபி போர்ட்டில் யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டது. வெளியாள் ஒருவர் போலி பிரிண்டரைச் சேர்த்துவிடலாம், அதில் அச்சிட்டால் அவருடைய கட்டளை ஓடும் என்பது 2024 செப்டம்பரில் அம்பலமானது. பிரிண்டரே இல்லாத சர்வரில் கப்ஸ் வீண் ஆபத்து.

எவை தானாக எழுகின்றன என்பதை ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ்’ கட்டளை காட்டும். எந்தப் போர்ட்டை எது பிடித்திருக்கிறது என்பதை ‘எஸ்எஸ்’ காட்டும்.

சிஸ்டம்சிடிஎல் கொண்டு நிறுத்துவதில் மூன்று படிகள் உண்டு. ‘ஸ்டாப்’ இப்போதைக்கு நிறுத்தும். அடுத்த பூட்டில் சர்வீஸ் திரும்பிவிடும். ‘டிசேபிள்’, பூட் நேரத்தில் அதை எழுப்பும் இணைப்பை நீக்கும், ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாது. விசித்திரம் இங்கேதான். டிசேபிள் செய்த சர்வீஸை இன்னொரு சர்வீஸ் துணைக்கு அழைத்தால் எழுந்துவிடும். கப்ஸுக்கு ‘கப்ஸ்.சாக்கெட்’ என்ற வாயிற்காவலனும் உண்டு. அது விழித்திருந்தால், யாராவது கதவைத் தட்டியதும் கப்ஸை எழுப்பிவிடும். எப்போதும்வென்றான் ஊரின் கரிசலில் கோரையை மேலோடு அறுத்தால் மறுபடி துளிர்ப்பது போலத்தான். கிழங்கைத் தோண்ட வேண்டும். அந்த வேலையைச் செய்வது ‘மாஸ்க்’. சர்வீஸின் பெயரை எதுவுமற்ற ‘/டெவ்/நல்’லோடு கட்டிவிடுவதால் யார் அழைத்தாலும் எழாது. ‘அன்மாஸ்க்’ சொன்னால் பழைய நிலை திரும்பும்.

தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச், நெட்வொர்க், நேர ஒத்திசைவு, பதிவேடு எழுதும் ஜர்னல்டி ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்எச்சை முடக்கிவிட்டால், அடுத்த பூட்டுக்குப் பின் அந்த வழியே உள்ளே நுழைய முடியாது. பெயர் புரியாத சர்வீஸை முடக்குமுன் ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டிபெண்டன்சீஸ் --ரிவர்ஸ்’ கொடுத்து, அதை நம்பியிருப்பவை எவை என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக முடக்கி, ரீபூட் செய்து, ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’ பட்டியல் காலியா என்று சரிபார்ப்பதே முறை. நிறுவிய கையோடு செய்ய வேண்டிய இந்த வேலையைப் பலர் ஓட்டை வெளிப்பட்ட பிறகே தொடங்குகிறார்கள்.