கிண்ணத்தை வெட்டிக் கட்டிய கூரை

பினாங்குக்குச் சென்று திரும்பிய வாசகர் ஒருவர், ஜார்ஜ் டவுன் நகரத்தில் தாம் கண்ட சீனக் குலமனை ஒன்றின் கூரைமேல் நெளியும் டிராகன்களைப் புகைப்படம் எடுத்து அனுப்பி, இவை மரத்தில் செதுக்கி வர்ணம் பூசியவையா, மண்ணில் பிடித்துச் சுட்டவையா, அல்லது அச்சில் வார்த்த பீங்கான் பொம்மைகளா என்று கேட்டிருக்கிறார். மூன்றும் அல்ல, சோற்றுக் கிண்ணங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரித்திருக்கலாம். ஆனால் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்களில் நானும் ஒருவன் ஆகையாலும், கூரையை மட்டும் சொல்லி அதன் கீழே கூடிய குலத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகத் தோன்றாமையாலும், சற்று விஸ்தாரமாகவே எழுத நேர்ந்தது.

அன்பர் பார்த்தது கூ வம்சத்தாரின் லியோங் சான் தோங் என்னும் டிராகன் மலை மண்டபம். கூ கோங்சி என்று கேட்டால் அந்த ஊரில் எவரும் வழி சொல்வார்கள். 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலையும், தென்னிந்திய முஸ்லிம் வணிகரின் தலைவராயிருந்த காதர் முகைதீனுடைய பதவிப் பெயரைத் தாங்கி நிற்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஆர்மீனியன் தெருப் பக்கமாகக் கால்நடையாகவே போய்விடலாம். கடைவீடுகளின் வரிசைக்கு நடுவே, இதற்குள்ளா அத்தனை பெரிய மாளிகை இருக்கிறது என்று சந்தேகிக்கும்படியான ஒடுங்கிய சந்து ஒன்று வரும். அதனுள் நுழைந்து நாலடி நடந்ததும், கருங்கல் பாவிய விசாலமான முற்றம் சட்டென்று விரிந்து, ஒரு பக்கம் மண்டபமும் எதிர்ப்பக்கம் நாடக மேடையும் எதிரெதிராக நிற்பதைக் காணலாம்.

அந்தச் சந்தின் குறுகல் தற்செயலானதன்று. சீன தேசத்து ஃபூசியான் மாகாணத்தில் சின் காங் என்னும் கடலோரக் கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கூ வம்சத்தார் 102 பேர், 1835-ஆம் வருஷம் பினாங்கில் ஒன்றுகூடித் தங்கள் குலத்துக்கென ஒரு ஸ்தாபனம் வேண்டுமென்று தீர்மானித்தார்கள். 1850-ஐ ஒட்டி இந்த நிலத்தை வாங்கி, அதிலிருந்த பங்களாவையே கோயிலாக மாற்றிக்கொண்டு, நாளடைவில் அதைச் சுற்றிலும் வரிசை வரிசையாக வீடுகளையும் கடைகளையும் கட்டிக் குலத்தாரைக் குடியேற்றினார்கள். சுமார் 62 வீடுகள் கொண்ட அந்த வளாகம், வாயில்கள் சிலவற்றை அடைத்துவிட்டால் கோட்டையாகிவிடும். கப்பலிலிருந்து வெறுங்கையோடு இறங்கிய உறவினனுக்குப் படுக்க இடமும் வேலையும் தேடித் தருவது, குலத்துக்குள் எழுந்த வழக்கைப் பெரியவர்கள் முன் தீர்ப்பது, பிள்ளைகளின் படிப்புக்குப் பொருளுதவி செய்வது, இறந்தவனுக்குக் கிரியை நடத்துவது எல்லாம் கோங்சி என்னும் அந்தக் குல ஸ்தாபனத்தின் பொறுப்பு. அத்தனைக்கும் ஆதாரம் அது ஈட்டிய வாடகை. ஃபூசியானிலிருந்து வந்த பினாங்கு ஹொக்கியன் சமூகத்தில் கூ, சியா, இயோ, லிம், தான் என்ற ஐந்து குலங்கள் பெருங்குலங்கள் என்று பெயர் பெற்றிருந்தன. வெள்ளீயச் சுரங்கம், கப்பல், அபினி வரிக் குத்தகை எனப் பணம் பெருகிய வழிகளிலெல்லாம் அவர்களுடைய கை இருந்தது. பணம் இருந்த இடத்தில் பகையும் இருந்தது. 1867 ஆகஸ்டில் கீ ஹின் என்ற ரகசியச் சங்கத்துக்கும், கூ தியான் தெய்க் தலைமை வகித்த துவா பெக் கோங் சங்கத்துக்கும் மூண்ட கலகம், மலாய், இந்திய முஸ்லிம்களின் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிக் கூட்டங்களையும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு, பத்து நாள் நகரத்தைக் கலக்கிற்று. அப்போது பீரங்கிக் குண்டு விழுந்து பள்ளமான இடம் என்பதால்தான் பக்கத்துத் தெருவுக்குப் பீரங்கித் தெரு என்று பெயர் வந்தது என்பார்கள். கூ தியான் தெய்க்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு குறைக்கப்பட்டது.

இப்போது நாம் காணும் மண்டபம் அந்தக் கலகத்துக்குப் பிற்பட்டது. 1894-ல் மிகப் பிரம்மாண்டமான ஒரு கட்டடத்தைத் தொடங்கி, ஏழெட்டு வருஷம் உழைத்து, இருபதாம் நூற்றாண்டின் வாசலில் முடித்தார்கள். முடித்த சூட்டோடு அது தீக்கிரையாயிற்று. சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு நிகராகக் கட்டிய அகந்தையைத் தேவர்கள் பொறுக்கவில்லை என்று ஊர் பேசிற்று. ஊதுவத்தியும் மெழுகுத்திரியும் அகலாத மரக்கட்டடத்தில் தீக்குக் காரணம் தேடி வானுலகம் வரை போகவேண்டுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எனினும் குலத்தார் அந்தப் பேச்சுக்கு மதிப்பளித்துச் சற்று அடக்கமான அளவில் 1906-ல் மறுபடி கட்டி முடித்தார்கள் என்பது வரலாறு. அந்த அடக்கத்தின் லட்சணம் இது: கூரை மாத்திரம் 25 டன் கனம் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள்.

உள்ளே மூன்று சந்நிதிகள். நடுவில் குலதெய்வங்கள், கி.பி. 383-ல் ஃபெய் நதிக்கரையில் பெரும்படையைச் சிறுபடையால் வென்ற சியே குடும்பத்துத் தலைவர்களை அந்த ஸ்தானத்தில் வைத்து வணங்குகிறார்கள். ஒரு பக்கம் செல்வம் அருளும் தெய்வமான துவா பெக் கோங். மற்றொரு பக்கம் மூதாதையரின் பெயர்ப்பலகைகள். அந்த அறையின் சுவர்களில், சீன அரசாங்கத்துப் பட்டம் பெற்றவர்கள் முதல் சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற பிற்காலத்துப் பேரன் பேத்திகள் வரை குலத்துக்குப் பெருமை சேர்த்தவர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் தொங்குகின்றன. சுவரோவியத்தில் முப்பத்தாறு தேவகாவலர் விசித்திர மிருகங்கள்மேல் ஏறிச் செல்கிறார்கள். முகப்பில் தலைப்பாகையும் தாடியுமாக நிற்கும் கல் உருவத்தைப் பார்த்துப் பலரும் திகைப்பார்கள். அது ஒரு சீக்கிய ஜாகா. அக்காலத்துச் சீனச் செல்வர் வீட்டுக் கதவைக் காத்தவர் அநேகமாகப் பஞ்சாபியராகவே இருந்தமையால், தெய்வத்தின் கதவுக்கும் அவரையே நியமித்துவிட்டார்கள்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூரையின் முகடு இரு நுனியிலும் தகைவிலான் குருவியின் வாலைப்போல் பிளந்து மேலெழும்; அந்த முகட்டின்மேலும் சரிவுகளின் விளிம்பிலும் டிராகன், ஃபீனிக்ஸ், கெண்டை மீன், பியோனி மலர், நாடகத்துச் சேனாபதி என்று ஒரு பிரபஞ்சமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. பினாங்கில் சியென் நியென் என்று வழங்கும், கிண்ணங்களை வெட்டிப் பதிக்கும் இந்த வேலை, தென் ஃபூசியானிலும் அதன் அண்டைப் பிரதேசமான தியோசூவிலும் வளர்ந்து, அங்கிருந்து கடல் கடந்தவர்களோடு தைவானுக்கும் மலாயாவுக்கும் சென்றது. உடைந்த பாத்திரங்களை வீணாக்காமல் பயன்படுத்தியதில் இது தோன்றியிருக்கலாம் என்று எவரும் ஊகிப்பார்கள். ஆனால் தொழில் முதிர்ந்த காலத்தில், எவரும் உண்ணாத, உண்பதற்காகச் செய்யப்படாத கிண்ணங்களை, வெட்டுவதற்கென்றே மெல்லியதாக வனைந்து, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை, செந்தவிட்டு நிறங்களில் மெருகேற்றிச் சூளையிட்டார்கள் என்பதுதான் இதன் விசித்திரம்.

கிண்ணம் ஏன், தட்டையான ஓடு போதாதா என்று கேட்கலாம். இதழுக்கும் செதிலுக்கும் இறகுக்கும் வளைவு வேண்டும். அந்த வளைவைக் குயவனுடைய சக்கரம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. விளிம்பருகே வெட்டிய துண்டு அகன்று மெல்ல வளைந்திருக்கும். அது மலரிதழுக்கு ஆகும். அடிப்பகுதிக்கு அருகே எடுத்தது குறுகலாக, ஆழமாக வளைந்திருக்கும், அது செதிலுக்கு. ஒரே கிண்ணத்தில் ஒரு மலரின் வெளியிதழும் உள்ளிதழும் அடங்கியிருப்பதைத் தொழிலாளி கண்ணால் கண்டு, இடுக்கியை வைக்கிறார். வேறொரு கோயிலின் திருப்பணியில் அவ்வாறு வெட்டுபவரின் அருகே நின்று பார்த்தபோது, என் பாட்டி கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டியின் வாயில் கொடுத்து, பேச்சை நிறுத்தாமலும் கையைப் பாராமலும், வந்திருப்பவரின் பல்லுக்குத் தக்கபடி ஒருவருக்குச் சீவலாகவும் ஒருவருக்குத் துண்டாகவும் வெட்டிக் கொடுப்பாளே, அந்த லாவகம் நினைவுக்கு வந்தது. இடுக்கியின் ஒவ்வொரு கடிக்கும் ஒரு சிறு சத்தம். ஓரத்தில் குவியும் பொடியைத் தவிர வீணென்று அதிகமில்லை.

டிராகனின் உடல், இரும்புக் கம்பியையோ செப்புக் கம்பியையோ எலும்பாக வைத்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தைச் சதையாகப் பூசி உருவாவது. கடலோரத்தில் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்போடு மணலும் நாரும் கலந்து, பசையிறுக்கத்துக்காகப் பசையரிசிக் கஞ்சியையும் வெல்லப் பாகையும் சேர்ப்பது அத்தேசத்துக் கொத்தர்களின் பழைய வழக்கம். அந்தச் சாந்து இறுகுமுன் வாலிலிருந்து தொடங்கித் தலையை நோக்கி ஒவ்வொரு வரிசையாகத் துண்டுகளைப் பதிக்கவேண்டும். அப்படிப் பதித்தால்தான் மேல்வரிசை கீழ்வரிசையைச் சற்றே மூடிச் செதிலென்று கண்ணை நம்பவைக்கும். மனித உருவங்களுக்கு மாத்திரம் முகத்தைத் தனியே களிமண்ணில் செய்து சுட்டுப் பொருத்துவார்கள், கிண்ணத்துண்டால் ஒரு புன்னகையை உண்டாக்க முடியாதல்லவா?

இதன் பிரயோஜனமும் சாமானியமன்று. உப்புக்காற்றும் ஓயாத மழையும் சுட்டெரிக்கும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் கடற்கரை நகரத்தில், மரச்சிற்பத்தைக் கூரைமேல் வைத்தால் உளுத்துவிடும்; வர்ணம் வெளுத்துவிடும். சூளையில் உருகி உறைந்த மெருகோ வெளுப்பதில்லை. ஒவ்வொரு மழையும் அதைக் கழுவிவிட்டுத்தான் போகிறது. முதலில் சோர்வது துண்டன்று, அதைப் பிடித்திருக்கும் சாந்தும் உள்ளே துருப்பிடிக்கும் கம்பியும்தான். ஆகையால் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவையாவது ஏணி வைத்து ஏறி, விழுந்ததைப் பதித்து, விரிந்ததைப் பூசவேண்டும் என்பது இந்தக் கலையின் அமைப்பிலேயே அடங்கிய நிபந்தனை. இரண்டாம் உலக யுத்த காலத்துக்குப் பிறகு 1950-களில் ஒரு தடவையும், 1999 தொடங்கி 2001 வரை மற்றொரு தடவையும் லியோங் சான் தோங்குக்கு ஜீர்ணோத்தாரணம் நடந்தது. பிந்திய திருப்பணிக்குச் சீனத்திலிருந்து கைவினைஞர்களைத் தருவித்தார்கள். அதே நகரத்தில் சீனச் செல்வர் சியோங் ஃபட் ஸீயின் நீல மாளிகையும், சூலியா தெருவிலுள்ள தியோசூ மக்களின் ஹான் ஜியாங் மூதாதையர் கோயிலும் அவ்வாறே வெளியிலிருந்து வந்தவர்களின் கையால் புத்துயிர் பெற்று, முறையே 2000-லும் 2006-லும் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றன.

பாராட்டு தகும். இருந்தாலும், பட்டறையில் தந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடுக்கி பிடித்த பையன்கள் அந்த ஊரிலேயே இருந்திருந்தால், கப்பலேற்றி ஆள் தருவிக்கவேண்டிய அவசியம் வந்திராது. தைவானில் கிண்ணத்துக்குப் பதில் முதலில் வண்ணக் கண்ணாடி வந்தது. பின்பு இதழ், செதில் ஒவ்வொன்றையும் ஆலையில் அச்சிலே வார்த்து மூட்டையில் அனுப்பும் முறை வந்தது. வேலை சுலபமாயிற்று, மலிவுமாயிற்று. ஒவ்வோர் இதழும் பக்கத்து இதழைப்போலவே இருக்கும் அந்த மலரைத் தூரத்திலிருந்து பார்த்தாலே ஏதோ உயிர் குறைவது தெரிந்துவிடும். அதைவிடக் கொடியது சிமென்ட். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும், கட்டடம் அசைந்தால் தானும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிமென்ட் இரண்டும் செய்யாமல் ஈரத்தை உள்ளே சிறைவைத்துக் கம்பியைத் துருவாக்கி, விழும்போது பழைய துண்டுகளையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. சீக்கிரம் காய்கிறது என்ற ஒரே நற்குணத்துக்காக அதைப் பழைய கூரைகளின்மேல் ஏற்றும் நம் காலத்து அவசரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2008-ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. 2012-ல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஜகாரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் தீட்டிய, சைக்கிளில் அமர்ந்த குழந்தைகளின் சித்திரத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள இன்று வரிசையில் காத்துக்கிடக்கிறார்கள். சித்திரம் அழகானதுதான்; ஆனால் அங்கிருந்து சில நிமிஷ நடையில் கூ கோங்சி இருக்க, காத்திருந்த களைப்பில் அதைப் பாராமலே பஸ் ஏறுகிறவர்களைக் காணும்போது, கையைப் பிடித்து இழுத்துப் போகலாமா என்றிருக்கும். போகிறவர்களும், சந்நிதிக்கு முதுகைக் காட்டிக் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடாமல், எதிரே நாடக மேடை ஓரமாக நின்று முகட்டை ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நிதானமாகப் பார்க்கவேண்டும். சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் இன்னும் உத்தமம்.

லியோங் சான் தோங்குக்கு நிலமும் வாடகையும் அனுமதிச்சீட்டு வருமானமும் உண்டு. ஆகவே அதன் கூரையைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. கவலை, அந்தத் தெருக்களிலுள்ள மற்றப் பழைய வீடுகளையும் சிறு குலமனைகளையும் பற்றியது. 1966-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகி, அதற்களித்த அவகாசமும் 1999 முடிவோடு தீர்ந்தபின், வாடகை ஏறி, தலைமுறையாக இருந்த குடிகள் பலர் வெளியேற, அவர்கள் விட்டுச்சென்ற இடங்களில் விடுதிகளும் காப்பிக்கடைகளும் வந்தன. பழைய வாடகை ஓட்டை அடைக்கவும் போதாததாக இருந்தது என்ற உடைமையாளரின் வாதத்திலும் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் மாதச்சந்தாவும் குடிவாடகையும் கொண்டு காலம் தள்ளிய சின்னக் குலமனைக்கு, சந்தா கொடுக்கும் கிழவர்கள் தீவின் மறுகோடியிலுள்ள அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டால், ஓடு விலகியவுடன் ஏணி வைக்க யார் இருக்கிறார்கள்? அடுத்த தடவை பினாங்குக்குப் போகும் அன்பர்கள், அத்தகைய மனை ஒன்றின் கதவு திறந்திருக்கக் கண்டால், உள்ளே இருக்கும் பெரியவரிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பாருங்கள். திரும்பும்போது திருப்பணி உண்டியலில் பத்து வெள்ளியாவது போட்டுவிட்டு வாருங்கள்.